மையில் எழுதிய பிரம்மச்சாரி

பழைய பல் தூரிகை ஒன்றால் ஏமஸ் பென்ஹேலின் பெயரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் மெர்வ். எழுத்துக் குழிகளில் படர்ந்த பாசி மட்டும் வர வேண்டும். கல் நோகக் கூடாது. தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, வட்டம் வட்டமாக. கல்லறைத் தோட்டத்து வாசலில் அவருடைய பள்ளிப் பேருந்து, கதவைத் திறந்து போட்டபடி, காலியாக நிற்கிறது.

"சில பேரு ப்ளீச் ஊத்தித் தேய்க்கிறாங்க. சொந்தத் தாத்தன் மூஞ்சியில ஆசிட் ஊத்துற மாதிரி," என்கிறார், குறிப்பாக யாரிடமும் இல்லாமல்.

காலையில் எட்டே முக்காலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்றேகால் மணி வரை பேருந்துக்கு வேலை இல்லை. மெர்வின் வேலை அப்போதுதான் தொடங்கும். மூடுபனி ஆற்றைவிட்டு எழுந்திருக்காத நாட்களில், காலி இருக்கைகளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டி வருவார். அப்போது வாய் எதையோ முணுமுணுக்கும். ஒரு நாள் என் வண்டி பழுதாகி அவரோடு வந்தபோது கேட்டேன். பெயர்கள். ஜோசையா, டெம்பரன்ஸ், ரூத், வில்லியம், இன்னொரு வில்லியம். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இருக்கை வைத்திருப்பார் போலிருக்கிறது. திருப்பங்களில் பின்னால் யாரும் சாய்ந்துவிடக் கூடாதென்பது போல் ஸ்டியரிங்கைப் பதமாக ஒடித்தார்.

1852இல் 'ஈடித் ரோஸ்' கப்பலில் வெள்ளைக் குடியேறிகளாக வந்து இறங்கிய ஜோசையா, டெம்பரன்ஸ் தம்பதிக்கு ஏழு பிள்ளைகள். அந்த ஏழு பேரிலிருந்து கிளைத்தவர்கள் இன்று ஆயிரத்து நூற்றுச் சொச்சம். அத்தனை பேரையும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறார் மெர்வ். பதினான்கு மீட்டர் நீளம். அச்சகத்தில் மிஞ்சிய சுருள். அதைப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் ஒன்றுக்குள் நுழைத்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்க வைத்திருப்பார். குழாயை மிதிக்கும் பிள்ளைக்கு அன்று ஜன்னலோர இடம் கிடையாது.

தாளுக்கு ஒரு சட்டம் உண்டு. காகிதச் சாட்சி இருந்தால் மை. வெறும் வாய்ச்சொல் என்றால் பென்சில். வாரிசு இல்லாமல் போனவர் பெயருக்குக் கீழே ஒரு சிறு குறுக்குக் கோடு. மெர்வுக்கு அறுபத்தோரு வயது, கல்யாணம் ஆகவில்லை. தன் பெயருக்குக் கீழேயும் அந்தக் கோட்டைத் தானே போட்டுக்கொண்டார், மையால். அவருடைய கொள்ளுத்தாத்தா வில்லியத்தின் அண்ணன் ஏமஸ் பெயருக்குக் கீழேயும் அதே கோடு. குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் டெம்பரன்ஸ் தன் கைப்பட எழுதியிருக்கிறாள்: 'ஏமஸ், மணமாகாதவன், 1891இல் கர்த்தருக்குள் உறங்கினான்.'

"ரெண்டு கோடு. நானும் அவனும்," என்பார் மெர்வ். "நூறு வருஷம் தள்ளி உக்காந்துகிட்டு ரெண்டு பேரும் டீ குடிக்கிறோம்."

வெளியிடங்களில் அவர் காதுகளைத்தான் பார்ப்பார். பென்ஹேல் காது மேல் மடிப்பு இல்லாமல், இலை போல் விரிந்து, தலையைவிட்டு வெளியே நிற்கும். பெட்ரோல் போடும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், "நீங்க ரூத் கிளைதானே? காது சொல்லுதே," என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் ரூத் கிளைதான். அந்த மகிழ்ச்சியில் மெர்வுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

எங்கள் யாரண்டூலில் பென்ஹேல்கள் இரண்டு வகை. மேட்டுத் தெருவில் இருப்பவர்கள் கப்பல் பென்ஹேல்கள். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் பூர்வகுடிகள். ஆற்றங்கரைக்காரர்கள் பெயரை யார் எடுத்தாலும், மூச்சு விடும் முன்னே 'சொந்தமில்ல' என்று ஒரு சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். பண்ணையில் வேலை செய்தவர்கள் முதலாளியின் பெயரை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்பது ஊர் சொல்லும் காரணம். நானும் அப்படிச் சொல்லியே வளர்ந்தவன். ஆற்றங்கரைப் பிள்ளைகளைப் பதினெட்டு வருடமாக ஏற்றி இறக்கும் மெர்வும் அப்படித்தான். கண்ணாடியில் தினமும் இருபது காதுகள் தெரிந்திருக்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு, மெர்வின் பெரியப்பா மகள் நோலீன், குடும்பத்தில் ஆளுக்கொரு எச்சில் சோதனைக் குழாய் பரிசளித்தார். துப்பி அனுப்பினால் எந்த நாட்டு ரத்தம் எத்தனை சதவீதம், யார் யார் உறவு என்று பட்டியல் வரும். நோலீன்தான் குடும்பச் சந்திப்புக் குழுவின் தலைவி. பத்து வருடத்துக்கு ஒருமுறை, ஈஸ்டர் சனிக்கிழமை, எல்லாக் கிளைகளும் கூடும். கிளைக்கு ஒரு நிற ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். பிள்ளைகள் ஏழு, நிறங்கள் ஆறு. ஏமஸுக்கு நிறம் தேவைப்படவில்லை.

பிப்ரவரியில் மெர்வுக்குப் பட்டியல் வந்தது. நான் வேலை பார்க்கும் நூலகத்துக் கணினியில்தான் திறந்து பார்த்தார். மூன்றாவது வரியில் நின்றார். 'டெனிஸ் பென்ஹேல், யாரண்டூல். கொள்ளுத்தாத்தாக்கள் உடன்பிறந்தவர்களாக இருக்கலாம்.' டெனிஸ், ஆற்றங்கரைக்காரி. பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் இருக்கும் கோரலின் தங்கை. மெர்வ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி துடைத்தார்.

"இது வாய்ச்சொல்லா, காகிதமா?" என்று என்னைக் கேட்டார்.

எச்சில் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்று வாரம் அவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை. நூலகத்தின் பின்னறையில், பழைய பதிவேடுகளின் படச்சுருளை ஓட்டிப் பார்க்கும் கருவி முன்னால் உட்கார்ந்திருந்தார். இருட்டில் அவர் முகத்தின் மேல் நூற்றாண்டுக்கு முந்தைய கையெழுத்துகள் வெளிச்சமாக ஓடிக்கொண்டிருக்கும். சுருள் சுற்றும் ஓசை தொலைவில் பெய்யும் மழை போல் கேட்கும். ஒரு வியாழக்கிழமை மழை நின்றது. போய்ப் பார்த்தேன்.

ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, 1892. 'டாம் பென்ஹேல், வயது ஏழு. தந்தை ஏமஸ், காலமானார். தாய் ஆற்றங்கரைப் பெண்.' மறுநாள் தேதியில் அந்த வரியின் மேல் ஒரு கோடு. 'பிற பெற்றோரின் ஆட்சேபத்தால் நீக்கம்.' அடுத்த பக்கத்தில் ஆட்சேப மனு. பதினோரு கையெழுத்துகள். முதல் கையெழுத்து ஜோசையா பென்ஹேல்.

"சொந்தப் பேரனை," என்றார் மெர்வ்.

செவ்வாய்க்கிழமைகளில் நூலகப் பெட்டிகளைப் பள்ளிக்குக் கொண்டுபோவது என் வேலை. அப்படிப் போன ஒரு நாள், சிற்றுண்டிக் கடை ஜன்னலில் மெர்வ் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தத் தண்ணீர்க் குழாய்.

"சாஸேஜ் ரோலா, டிரைவர்?" என்றார் கோரல் உள்ளேயிருந்து. "இல்ல, பைப் ரிப்பேரா?"

மெர்வ் பதிவேட்டின் நகலை நீட்டினார். கோரல் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். முகம் மாறவில்லை.

"டெனிஸ் எங்க அண்ணனைத் தேடித்தான் துப்பி அனுப்பினா. எங்க பிள்ளைங்களை அரசாங்கம் பறிச்சுக்கிட்டிருந்த காலத்துல, நாலு வயசுல தூக்கிட்டுப் போன அண்ணன். அண்ணனைத் தேடினா பஸ் டிரைவர் வந்து நிக்கிறான்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஏமஸ் கொள்ளுத்தாத்தாவையா? தெரியாம என்ன? நாங்க எப்பவும் சொல்லிட்டுத்தான் இருந்தோம். கேக்குறதுக்குத்தான் ஆள் இல்ல. அவ்வளவு பெரிய காதை வெச்சுக்கிட்டு என்ன பிரயோஜனம்?"

மெர்வின் காதுகள் சிவந்தன.

"டாம் தாத்தா ஒரே ஒரு நாள் பள்ளிக்கூடம் போனாரு," என்றார் கோரல், அடுப்புப் பக்கம் திரும்பி. "அன்னைக்குத் தன் பேரோட முதல் எழுத்தைப் போடக் கத்துக்கிட்டாரு. சாகுற வரைக்கும் கோடரிப் பிடி, தொப்பி, குதிரைச் சேணம், எல்லாத்துலயும் அந்த ஒரு எழுத்துதான். மிச்ச எழுத்து சொல்லிக் கொடுக்கிறதுக்குள்ள அனுப்பிட்டாங்க."



"தாள்ல எழுதணும்," என்றார் மெர்வ். "நீங்க சரின்னு சொன்னா. டாம் அம்மா பேரு..."

"அது எங்ககிட்ட இருக்கு. எங்ககிட்டயே இருக்கட்டும்." பிறகு சட்டென்று ஜன்னலில் முழங்கை ஊன்றிக் குனிந்தார். "ஆமா, ரிப்பன் குத்துவீங்களாமே. எங்களுக்கு என்ன கலர் ஒதுக்கியிருக்க? கறுப்பா?"

மெர்வ் குழாயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கோரல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். அழுதுவிடுவார் போலிருந்த மெர்வும், கடைசியில், வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"எழுதிக்கோ," என்றார் கோரல். "ஆனா பென்சில்ல எழுதினேன்னு தெரிஞ்சுது, ஆயுசுக்கும் உன் சாஸேஜ் ரோலுக்கு சாஸ் கிடையாது."

"சந்திப்புக்கு வருவீங்களா?"

"வரேன்னு சொல்லல. வரமாட்டேன்னும் சொல்லல. அடுத்த ஆளுக்கு வழி விடு."

சந்திப்புக் குழு நூலகத்துக் கூட்ட அறையில்தான் கூடும். அந்த வாரம் நோலீனின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"மெர்வ்! சந்திப்பு அன்னைக்குத்தான் ஜோசையாவுக்குக் கல்வெட்டு திறக்கிறோம்! குயின்ஸ்லாந்துலேர்ந்து சனங்க வராங்க. சரி, அந்தப் பேரை எழுதிக்கோ, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல. நான் வாங்கிக் கொடுத்த எச்சில் குழாயாலதானே இது தெரிஞ்சுது. ஆனா அந்த மனுவை மட்டும் பக்கத்துல வைக்காத. அது எதுக்கு?"

"அதுதான் காகிதம், நோல். அது இல்லேன்னா அந்தப் பேரு பென்சில்."

"முப்பது வருஷமா இந்தக் குடும்பம் உன்னைத் தலையில தூக்கி வெச்சிருக்கு. அன்னைக்கு அந்த மனு மேஜையில இருந்துச்சுன்னா, அடுத்த தடவை தாளை வேற யாராவது வெச்சிருப்பாங்க. புரியுதா?"

வெளியே வந்தபோது குழாயைக் குழந்தையைப் போல் இரண்டு கையாலும் அணைத்திருந்தார். அவருக்கென்று இருந்த குடும்பம் அந்தத் தாள்தான்.

ஈஸ்டர் சனிக்கிழமை மெல்லிய காற்று. கண்காட்சித் திடல் மண்டபத்தின் கதவுகளில் மரங்களின் நிழல் நீருக்கடியில் ஆடுவது போல் ஆடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு தட்டு கொண்டு வந்திருந்தார்கள்: குளிர்ந்த ஆட்டிறைச்சி, பீட்ரூட், தேங்காய்த் துருவலில் புரட்டிய கேக் துண்டுகள். ஏழு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு மெர்வ் தாளை விரித்தார். ஆறு நிற ரிப்பன்களும் அதன் மேல் குனிந்தன. விரல்கள் பெயர்களின் மேல் ஊர்ந்தன. பிறந்தவர்களும் செத்தவர்களும் ஒரே அறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது போல் ஒரு ரீங்காரம்.

ரீங்காரம் ஓரிடத்தில் தடுக்கியது. ஏமஸின் கீழே இருந்த குறுக்குக் கோட்டை மெர்வ் சவர பிளேடால் சுரண்டி எடுத்திருந்தார். அங்கே தாள் மெலிந்து வெளிச்சம் ஊடுருவியது. அதற்குக் கீழே புது மை: 'டாம்'. அவனிலிருந்து நாற்பத்து மூன்று பெயர்கள், கடைசி ஓரம் வரை. பக்கத்தில் மனுவின் நகல்.

"சாஸேஜ் ரோல் கோரலா?" என்றான் பச்சை ரிப்பன் போட்ட ஓர் இளைஞன். "அப்போ எனக்கு அத்தையா? இவ்வளவு வருஷம் காசு கொடுத்து வாங்கித் தின்னிருக்கேனே!"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் தன் நீல ரிப்பனைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கிழவர் மனுவை மூக்கருகே பிடித்து வாசித்தார். முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து வாசித்தார். மெர்வை யாரும் நேராகப் பார்க்கவில்லை. நோலீன் அவரைக் கடந்து போனபோது, "உன்னை நம்பினேன்," என்று மட்டும் சொன்னார்.

நான்கு மணிக்குப் படம் எடுக்க எல்லோரையும் மண்டபப் படிகளில் நிறுத்தினார்கள். மூத்தவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. தாளை வைத்திருப்பவருக்கு நடு நாற்காலி. அது பழைய வழக்கம். ஏனோ நோலீனும் அதை மாற்றச் சொல்லவில்லை. அப்போதுதான் சாலைக்கு அப்பால் ஒரு வெள்ளை வண்டி வந்து மரத்தடியில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. பக்கத்து ஜன்னலில் கோரலின் முழங்கை, மடியில் மூடிய தட்டு ஒன்று. யாரும் இறங்கவில்லை.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றார் புகைப்படக்காரர், விரலை உயர்த்தி. "நடுவுல, சார், உக்காருங்க."

மெர்வ் உட்காரவில்லை. கைக்குட்டையை எடுத்து நாற்காலியின் இருக்கையை ஒருமுறை, மெதுவாக, துடைத்தார். பிறகு நாற்காலியைச் சாலைப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்து, அதன் முதுகில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார்.