தப்பையும் சேர்த்து எழுதியவர்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானை எப்போதும் ஒன்று தள்ளியே போட்டிருப்பார். ஒரு பழைய வீட்டுக் கணினியைப் போலவே போனிலும் லேப்டாப்பிலும் இயங்கும் எமுலேட்டர் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். பழைய கணினியின் விசையில் ஒரு தட்டு, புதியதில் ஒரு தட்டு என்று தட்டி, இரண்டும் ஒன்றுபோல் நடக்கிறதா என்று பார்ப்பார்.

ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் கதவு திறந்திருந்தது.

"பழசுல ஒரு தப்பு உண்டு, கேட்டேளா? அதையும் புதுசுல எழுதியாச்சு" என்றார்.

"திருத்திடலாமே சார்?"

"அய்யோ, திருத்தினா பழைய கேம் ஒண்ணும் ஓடாதல்லோ. எல்லாம் அந்தத் தப்ப நம்பி எழுதினதாக்கும்."

வழக்கம்போல் எங்கள் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். என் நான்கு வயது மகளும் எட்டி மூன்று முறை இழுத்தாள். அவர் சிரித்தார். "கண்டோ, அசல் அம்மா!"

என் பயம் இவளுக்கும் வந்துவிட்டதா?

மறுநாள் பூட்டிவிட்டு, வேண்டுமென்றே இழுத்துப் பார்க்காமல் படியிறங்கினேன். "அம்மா, பூட்டலை!" என்று அழுதபடி மகள் மேலே ஓடினாள். எதிர்வீட்டிலிருந்து அவர் எழுந்து வந்து, அவளுக்காகப் பூட்டை மூன்று முறை இழுத்துக் காட்டினார். அவள் அழுகை நின்றது.

அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.