பதினைந்தாவது விடைத்தாள்

எண்பதுகளின் கடைசியில் ஒரு மே மாதம், பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்த என்னை ராமநாதபுரத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு அதுதான் முதல் தடவை. திருவாடானைக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்துப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். வேலை நிரந்தரமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பஸ் ஏற்றிவிட வந்த என் அய்யா, "பாத்துத் திருத்து தாயி, அதுவும் ஒருத்தர் வீட்டுப் புள்ள" என்று மட்டும் சொன்னார்.

வெளியூர் டீச்சர்கள் தங்குவதற்கு ஒரு பள்ளிக்கூட விடுதியில் கூடத்தை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். யாரையும் எனக்குத் தெரியாது. சாயங்காலமானால் ஆளுக்கொரு பாயை விரித்து, அவரவர் பெட்டிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வோம். பேச்சுத் துணைக்கு நான் கொண்டுபோயிருந்தது ஒரு தொடர்கதை. வாரப் பத்திரிகையில் வந்ததை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தேன். நல்ல பெரிய புத்தகம். ஏற்கெனவே மூன்று முறை படித்தாயிற்று.

திருத்தும் கூடத்தில் எங்கள் மேஜைக்கு ஆறு பேர். எங்களுக்கு மேலே ஒரு முதன்மைத் தேர்வாளர். பரமக்குடிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், ஓய்வுபெற இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எங்களோடு அவர் பேசிய பேச்செல்லாம் "கூட்டலச் சரிபாருங்க", "பேப்பர் கட்ட எண்ணிக் குடுங்க" இந்த இரண்டுதான். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் எனக்குப் போட்ட மார்க்கே மறந்துபோகும்.

எனக்கு அடுத்த நாற்காலியில் பெரியபட்டினத்து டீச்சர் ஒருவர். தினமும் பஸ்ஸில் வந்துபோவார். மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் என் தூக்குவாளித் தயிர்ச்சோற்றைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தன் டப்பாவிலிருந்து பொரித்த மீன் ஒன்றை எடுத்து மூடியில் வைத்தார். "தனியா சாப்பிட்டா எறங்குமா டீச்சர்?" என்றார். அன்றைக்குத்தான் என் புத்தகத்தையும் பார்த்தார். ஒரே கிணற்றைப் பங்கு போட்டுக்கொண்டு, இருபது வருஷம் பேசாமலே தண்ணீர் இறைக்கும் அக்கா தங்கையின் கதை அது.

"அட, இதுல பாதி படிச்சிருக்கேன். கல்யாண வேலையில மீதி விட்டுப்போச்சு. முடிச்சதும் எனக்குக் குடுங்க. எங்க வீட்டுலயும் ஒரு படிப்பாளி இருக்கு, என் நாத்தனா. ரெண்டு பேருமாப் படிச்சுட்டுத் தாரோம்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சவுதியிலிருந்து அவருடைய கணவர் இரண்டு வருஷம் கழித்து வருகிறார் என்று மதியத்துக்கு மேல் அனுமதி வாங்கியிருந்தார். காலையிலிருந்தே பேனா அவர் கையில் நிற்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் தன் கட்டை ஒப்படைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "புத்தகம்?" என்றார். என் மேஜைப் பலகையில் ஒரு பிளவு இருந்ததால், எழுதுவதற்கு வாகாகப் புத்தகத்தை அடியில் கொடுத்துத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். விடைத்தாள்களை ஒரு கையால் தூக்கிப் புத்தகத்தை உருவிக் கொடுத்தேன். அவர் அதைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

நான் புதிது என்பதால் காலைக் கட்டே மதியத்துக்கு மேல் இழுத்தது. முடித்து எண்ணினேன். பதினான்கு. திரும்ப எண்ணினேன். பதினான்கு. கட்டு வாங்கும்போது பதினைந்து என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மேஜைக்கு அடியில் பார்த்தேன். பக்கத்து ஆட்களின் கட்டுகளைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். விடைத்தாள் காணாமல் போனால் என்ன ஆகும் என்று முதல் நாளே ஒரு மணி நேரம் பேசியிருந்தார்கள். என் வேலை போவது ஒரு பக்கம். ஒரு வருஷம் படித்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிய பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

அப்போதுதான் புத்தகம் நினைவுக்கு வந்தது. காலையில் கட்டைப் பிரித்தபோது கடைசியில் பார்த்த மெலிந்த தாள்தான் காணவில்லை. நாலைந்து பக்கம்கூட எழுதாத பிள்ளை. அடியிலிருந்து புத்தகத்தை உருவியபோது அட்டைக்குள்ளே சறுக்கியிருக்க வேண்டும்.

முதன்மைத் தேர்வாளர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கதைப்புத்தகத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாங்க" என்று எழுந்து, திருத்தும் முகாமுக்குப் பொறுப்பான அலுவலரின் அறைக்கு நேராகப் போனார்.

"ஒரு பேப்பர் தவறி வெளிய போயிருக்கு. எங்கன இருக்குன்னு தெரியுது. போய் எடுத்துட்டு வாரோம்" என்றார்.

அலுவலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று அடிக்கப் போகிறது. "ஆறு மணி வரைக்கும் பொறுக்குறேன் சார். அதுக்கு மேல நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும்."

பெரியபட்டினம் பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். இத்தனை நாளும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழக்கரை ரோட்டின் நடுவில் நின்று கையைக் காட்டினார். நின்றது ஒரு ஐஸ் லாரி. கடற்கரையில் மீன் சேர்த்து வைக்கும் வாடிகளுக்கு ஐஸ்கட்டி கொண்டுபோகிற வண்டி. பெரியபட்டினம் வழியாகத்தான் போகிறது என்றார் டிரைவர். ஏறிக்கொண்டோம். சீட்டெல்லாம் ஐஸ் உருகாமலிருக்கப் போடும் உமி. பின்னாலிருந்து குளிரும் மீன் வாடையும் சேர்ந்து வந்தன. முன்கண்ணாடி வழியாக மே மாத வெயில்.

திருப்புல்லாணி தாண்டியது. அவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அது என்ன கதம்மா?"

திட்டத் தொடங்குகிறார் என்று நினைத்து, "சும்மா ஒரு தொடர்கதை சார். கெணத்துக்காகப் பேசாம இருக்குற அக்கா தங்கச்சி..." என்று இழுத்தேன்.

சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தங்கச்சிக்காரி பருத்தி போட்டு நட்டப்படுவாளே, அதுவா?"

"அதுதான் சார். நீங்க...?"

"வாரா வாரம் வாசிச்சேன். கடைசி மூணு வாரம் என் வீட்டுக்காரி மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தா. அப்பறம் தேடுனேன், எங்கயும் கெடைக்கல." வேட்டியில் ஒட்டிய உமியைத் தட்டினார். "பேசிக்கிட்டாங்களா, இல்லையா?"

"பேசல சார். தங்கச்சி மோட்டாரு பழுதான அன்னிக்கு அக்கா தன்னோட மொறைய விட்டுக் குடுத்து, வாய்க்கால அவ பக்கம் திருப்பி விட்டா. தங்கச்சி வரப்புல நின்னு பாத்தா. அதோட முடிச்சிட்டாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். "அது போதும்" என்றார். "பேச வச்சிருந்தா கெட்டுப் போயிருக்கும்."

"வீட்டுல இப்ப எப்படி இருக்காங்க சார்?"

"நல்லா இருக்கா. நான் வாசிக்கிறதப் பாத்தா வையுறா. அதுலயே தெரியலையா நல்லா இருக்கான்னு?" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்த டிரைவர், "அந்தக் கெணறு எந்த ஊருல இருக்கு சார்?" என்று கேட்டார்.

டீச்சர் வீடு என்று விசாரித்ததும் டிரைவர் வாசலுக்கே லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி ஹாரன் அடித்தார். அதுதான் வினையாகப் போய்விட்டது. உள்ளிருந்து பத்துப் பதினைந்து பேர் ஓடி வந்தார்கள். குழந்தைகள், பெரியவர்கள், கரண்டியோடு ஒரு அம்மா, எல்லாருக்கும் முன்னால் நகையும் புதுச் சேலையுமாக எங்கள் டீச்சர். சவுதிக்காரரை எதிர்பார்த்து வந்தவர்கள் முன்னால், உமி ஒட்டிய சேலையோடு நானும், மடித்துக் கட்டிய வேட்டியோடு அவரும் லாரியிலிருந்து குதித்தோம்.

"சார், நீங்களா?" என்றார் டீச்சர். "என்ன டீச்சர், என்ன ஆச்சு?"

சொன்னேன். அவர் முகத்திலிருந்து அவ்வளவு சந்தோஷமும் வடிந்துவிட்டது. "அல்லாவே, என் பையிலயா வந்துச்சு? நான் புத்தகத்தத் தொறக்கவே இல்லையே. வந்ததும் அவகிட்டத்தான் குடுத்தேன். ஏ புள்ள!"

நாத்தனாரைக் காணவில்லை. அவ்வளவு பெரிய நாளில், அடுப்பில் மூன்று பானை கொதிக்கிற நேரத்தில், அந்தப் பெண் எங்கே என்று வீடே தேடியது. கடைசியில் மொட்டை மாடியில், காயப் போட்ட போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் புத்தகம். நாலாவது அத்தியாயம். இருபது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் திட்டு விழப்போகிறது என்று எழுந்து நின்றாள்.

"இதுக்குள்ள ஒரு பரீட்சப் பேப்பர் இருந்துச்சா?" என்றேன்.

"இருந்துச்சே" என்றாள் அவள். "டீச்சர்மாரு பேப்பர், கசங்கிடக் கூடாதுன்னு உம்மா பீரோவுல பட்டுச்சேலைக்கு நடுவுல வச்சிருக்கேன். மச்சிகிட்ட சொல்லணும்னு இருந்தேன், கத ஓடிக்கிட்டு இருந்துச்சா..." என்று டீச்சரைப் பார்த்தாள்.

கீழே ஓடி, பீரோவைத் திறந்து எடுத்து வந்தாள். ஒரு மடிப்பில்லை. அத்தர் வாசனை. முதன்மைத் தேர்வாளர் வாங்கி, எண்ணைப் பார்த்து, பக்கங்களை எண்ணி, தலையசைத்தார்.

மாடித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாமல் என்னவோ வந்தது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். அந்தப் பெண் என்ன நடந்தது என்று புரியாமல், "பாவம், அந்தப் புள்ள கொஞ்சந்தான் எழுதியிருக்கு. கையெழுத்து நல்லாருக்கு. பாஸ் போட்டுருங்க" என்றாள்.

"நீ பேப்பரையும் வாசிச்சியா?" என்றார் முதன்மைத் தேர்வாளர்.

"எது கெடச்சாலும் வாசிச்சுருவேன் சார்."

கீழே இறங்கியதும் திரும்பிப் போக வண்டி தேட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். வீட்டில் விடவில்லை. "நல்ல நாளும் அதுவுமா வந்துட்டுச் சும்மா போறதா?" என்று கரண்டியோடு நின்ற டீச்சரின் மாமியார் இலையைப் போட்டுவிட்டார். நெய்ச்சோறு, மீன் ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பு, கறி. காலையில் குடித்த டீக்குப் பிறகு அன்று நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்குத் தெரிந்தது. வெட்கமில்லாமல் இரண்டாம் தடவை சோறு வாங்கினேன்.

முதன்மைத் தேர்வாளர் செவ்வாய்க்கிழமை கவிச்சி தொடுவதில்லை என்றார். அவருக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. கூடவே ஒரு தட்டில் வட்டலப்பம் என்ற இனிப்பு. டீச்சர் உள்ளதைச் சொன்னார். "சார், இதுல முட்ட இருக்கு. உங்களுக்கு ஆகலைன்னா வேண்டாம்."

அவர் வட்டலப்பத்தைப் பார்த்தார். மேஜை மேல் வைத்திருந்த விடைத்தாளைப் பார்த்தார். "இன்னிக்கு எத்தனையோ சட்டத்த மீறியாச்சு. இதையும் குடுங்க" என்றார். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது மறுபடியும் ஹாரன். இந்தத் தடவை நிஜமாகவே டாக்சி. வீடு மொத்தமும் வாசலுக்கு ஓடியது. டீச்சர் மட்டும் ஓடவில்லை. ஈரக்கையோடு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடையிலேயே நின்றார். அவர் கணவர் எல்லாரையும் கடந்து உள்ளே வந்து, முதலில் அவரைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற என்னை, யார் இது என்பதுபோலப் பார்த்தார். "பேப்பர் தேடி வந்தவங்க" என்றார் டீச்சர்.

டாக்சி சும்மாதான் மதுரை திரும்புகிறது என்று டீச்சரின் கணவரே டிரைவரிடம் பேசி எங்களை ஏற்றிவிட்டார். ராமநாதபுரம் வரும் வரைக்கும் விடைத்தாள் என் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வெளியே பனை வரிசை ஓடியது. ஊருக்குப் போய் அய்யாவிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லலாம், சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று தோன்றியது.

ஆறு அடிக்கக் கால் மணி இருக்கும்போது அலுவலர் கட்டை எண்ணினார். பதினைந்து. பதிவேட்டில் நடந்ததை நாலு வரி எழுதி எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். "இனிமே கதைப்புத்தகம் கேட்டுக்கு வெளிய" என்றார். பிறகு மூக்கைச் சுருக்கி, "என்ன சார், பேப்பர்ல அத்தர் வாசன வருது?" என்றார்.

"நல்ல எடத்துல இருந்துட்டு வந்துச்சு" என்றார் முதன்மைத் தேர்வாளர்.

மறுநாள் முதல் எங்கள் மேஜை மாறிப்போனது. மதியம் எல்லோரும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம். அவர் தன் பெட்டியிலிருந்து தினம் ஒரு புத்தகம் கொண்டுவருவார். டீச்சர் அடுக்குச்சட்டியில் ஏதாவது கொண்டுவருவார். அதுவரை பேசாமலே திருத்திக்கொண்டிருந்த மற்ற நான்கு பேரிலும் மூன்று பேர் படிக்கிறவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. விடுதிக் கூடத்திலும் யாரும் பெட்டிப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

கடைசி நாள் பதினொரு மணிக்கே வேலை முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த முதன்மைத் தேர்வாளர், "ராமேஸ்வரம் ரயிலு வார நேரம். யாரெல்லாம் வாரீங்க?" என்றார். மாற்றுச் சேலையோ செருப்போ எதையும் யோசிக்காமல் கிளம்பினோம். டீச்சரைக் கூட்டிப்போக வந்திருந்த கணவரும் நாத்தனாரும் அப்படியே ஏறிக்கொண்டார்கள்.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தது. கடலை அவ்வளவு கிட்டத்தில், இரண்டு பக்கமும், நான் அதுவரை பார்த்ததில்லை. கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எதிர் சீட்டில் அந்தப் பெண் ஒரு புத்தகத்துக்குள் தலையை விட்டிருந்தாள்.

"ஏ புள்ள, கடலப் பாரு" என்றார் டீச்சர்.

"அது அங்கனதான இருக்கும் மச்சி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.