சிவப்புக் கோட்டைத் தொடும்வரை

என் நாத்தனாரின் கைப்பையில் எப்போதும் ஒரு நெயில் பாலிஷ் புட்டி இருக்கும். நகத்துக்குப் போட அல்ல. போட்டாலும் குளோரின் இரண்டே நாளில் தின்றுவிடும். வீடுகளில் இருக்கும் நீச்சல் குளங்களைப் பராமரிப்பது அவள் தொழில். தண்ணீரை மணல் வழியே வடிகட்டும் ஃபில்டர் தொட்டியில், அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜின் கண்ணாடியில் இரண்டு கோடு போடத்தான் அந்தச் சிவப்பு. கீழ்க்கோடு, உள்ளே மணல் சுத்தமாக இருக்கும்போது முள் நிற்கிற இடம். மேல்கோடு, மணலைக் கழுவ வேண்டிய இடம். புட்டி மட்டும் என்னுடையது. ஒருநாளும் கேட்டு எடுத்ததில்லை.

முன்பு ஓட்டல் சலவைப் பிரிவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அங்கே குளத்து ஆள் ஒருநாள் மட்டம் போட, "நான் பாத்துக்கறேன்" என்று போனவள் திரும்பிச் சலவைக்கு வரவே இல்லை. மோட்டார் சத்தத்துக்கு அவள் காது அப்படி. என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போதே, "வாஷிங் மெஷின் பேரிங் போகப்போகுது அண்ணி" என்பாள். சொன்ன வாரமே போகும். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வண்டி படுத்துவிட்டதால் நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் வீடு. செருப்புகள் அளவு வாரியாக நின்றன. தோட்டக் குழாயைக்கூடத் துடைத்துச் சுருட்டி வைத்திருந்தார். குளம் மட்டும் கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கிக் கிடந்தது.

அவருடைய மகள் சக்கர நாற்காலியில் இருந்தாள். விபத்தில் இடுப்பு எலும்பு முறிந்தவள். தண்ணீருக்குள் உடம்பு இலேசாகும் என்று மருத்துவர் இந்தக் குளத்தில்தான் நடக்கப் பழக்கினார். பிடி இல்லாமல் ஒன்பது அடி எடுத்து வைக்கும்வரை வந்திருக்கிறாள். தண்ணீர் கலங்கியதும் இறங்கக் கூடாது என்று அவரே நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஆயிற்று. மூன்று மெக்கானிக்குகள் வந்து கைவிரித்தாயிற்று.

"போதும்மா. திங்கக்கிழமை மண்ணு லாரி வருது, மூடிடப்போறேன். அவ இதைப் பாத்துப் பாத்து ஏங்குறா, என்னால தாங்க முடியல" என்றார் அப்பா.

நாத்தனார் தொட்டியைத் திறந்து மணலை அள்ளிப் பார்த்தாள். புதுசுபோலப் பளபளத்தது. அவள் முகம் சுருங்கியது.

"கடைசியா எப்ப கழுவினீங்க சார்?"

"போன மாசம்" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

தொட்டியை மூடி, மோட்டாரை ஓடவிட்டு, கேஜில் கோடு போட்டாள். கழுவுவதற்குத் திருப்பும் கைப்பிடியிலும், தொடாதே என்பதற்கு அடையாளமாக ஒரு பட்டை அழுத்தித் தீட்டினாள். பிறகு குளத்தின் அடியைத் துடைக்கும் குழாயை எடுக்கக் காருக்கு வந்தோம். பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"மோட்டார் நின்னுடுச்சு அண்ணி." காதைத் தீட்டினாள். "மறுபடி ஓடுது. சத்தம் வேற. மணலக் கழுவுறாங்க!"

ஓடிப் போனோம். மோட்டார் அறையில் அப்பா நின்றிருந்தார். வலது கட்டைவிரல் முழுக்க என் நெயில் பாலிஷ்.

மனிதர் கூனிக்குறுகிப் போனார். "தினம் ரெண்டு வேளை கழுவுறேன்மா. பொண்ணு இறங்குற தண்ணியாச்சே. சுத்தமா இருக்கணும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே பாவமாகவும் இருந்தது. நாத்தனாருக்கு இரண்டும் வரவில்லை. "சார், மணலுக்கு நடுவுல இருக்கிற சந்து பெருசு. கொஞ்சம் அழுக்கு தங்கினாத்தான் சந்து அடைஞ்சு, பொடித் தூசி சிக்கும். நீங்க அதைத் தங்கவே விடல. முள்ளு மேல் கோட்டைத் தொடுற வரைக்கும் இந்த அறைப்பக்கமே வராதீங்க. ஞாயித்துக்கிழமை நான் வரேன்."

அந்த நாலு நாளும் அவர் போன் செய்துகொண்டே இருந்தார்.

"முள்ளு கொஞ்சம் ஏறியிருக்கும்மா. கழுவிடட்டுமா?"

"கோட்டைத் தொட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப போனை வைங்க சார்."

ஞாயிறு காலை நானும் கூடவே போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நாத்தனார் ஆழமான பக்கத்தில் ஒரு நாணயத்தைப் போட்டாள். அடியில் போய்ப் படுத்தது. கரையில் நின்றே அதன் எழுத்தைப் படிக்க முடிந்தது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். மருத்துவருக்கு அங்கிருந்தே போனில் படம் போனது. இறங்கலாம் என்று பதில் வந்தது.

மகள் நாற்காலியிலிருந்து குளத்துப் படிக்கு மாறி உட்கார்ந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள். அவரும் சட்டையோடு கூடவே இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் இருவரும் நின்றார்கள்.

"கையை விடுங்கப்பா."

அவர் விடவில்லை. "விழுந்துடுவ கண்ணு."

"விழுந்தா எந்திரிச்சுக்கறேன். விடுங்க."

அவர் நிமிர்ந்து என் நாத்தனாரைப் பார்த்தார். "விடுங்க சார்" என்றாள் அவள், போனில் சொன்ன அதே குரலில்.

விட்டார். விட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மகள் குளத்தின் குறுக்கே நடந்தாள். எட்டு, ஒன்பது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதிமூன்றாவது அடியில் எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பினாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"அப்பா, லாரிக்காரருக்குப் போன் பண்ணுங்க" என்றாள் அங்கிருந்தே.

அவர் கரையேறிப் போனை எடுத்தார். ஈரவிரலுக்கு அது அசையவில்லை. கட்டைவிரலைத் துண்டில் அழுத்தித் துடைத்தார். பாதி உரிந்த சிவப்பு இன்னும் நகத்தில் இருந்தது. மறுபடி அழுத்தினார்.

"மண்ணு வேணாம்ப்பா" என்றார். "பொண்ணு நடக்குறா."