மடிப்புக்குள் போன தலை

மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு போட்டிருக்கும் கொளஞ்சியப்பனின் மகள் இலக்கியா, டெல்லியில் சீன அரசியலை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள். அவள் சீன மொழி பேசினால் பீஜிங் காக்கைகூடத் திரும்பிப் பார்க்கும். நான் பீஜிங் போனதில்லை, ஆனாலும் பார்க்கும்.

அங்கே ஆட்சியில் யாருக்கு ஏற்றம், யாருக்கு இறக்கம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பத்திரிகைப் படத்தில் நடுவில் நிற்பது யார், பின்வரிசைக்குப் போனது யார் என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். நம்மூர்ப் பெண்ணுக்கு இது ஒரு வித்தையா? காதுகுத்து பேனரைப் பார்த்தே எந்தப் பங்காளி யாரோடு பேசவில்லை என்று சொல்லிவிடுகிற ஊராயிற்றே இது.

போன வருஷம் அவளுக்குப் பல்கலைக்கழக வேலைக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, வெளியுறவில் பெரிய கையான ஒரு சீன அதிகாரி முன்வரிசைப் படத்தில் காணாமல் போனார்.

"அந்த ஆள் கதை முடிந்தது என்று உடனே எழுது. அச்சில் வந்துவிட்டால் வேலை உனக்குத்தான்" என்று அவளுடைய பேராசிரியை அவசரப்படுத்தினார். போட்டியில் இருந்த இன்னொருவர் எழுதவே தொடங்கிவிட்டார். இலக்கியாவும் பாதி எழுதினாள். மீதியை ஊரில் முடித்துக்கொள்ளலாம் என்று தாய்மாமன் கலையரசன் வீட்டுக் காதுகுத்துக்கு வந்து இறங்கினாள்.

இறங்கினால், தெருமுனையிலேயே சண்டை. மாமன் கட்டிய பேனரில் சொந்தக்காரர் தலை அத்தனையும் இருக்கிறது, கொளஞ்சியப்பன் தலை மட்டும் இல்லை. அவர் விட்ட மூச்சில் அரைக்காணி கரும்பு சாய்ந்தது.

"என் தலை இல்லாத வூட்ல எனக்கு இன்னா சோறு? அமிர்தம், கெளம்பு!"

"எந்தம்பி வேணும்னு செய்வானா? மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு நிக்காதீங்க" என்றாள் மனைவி அமிர்தம்.

"சத்தியமா மாமா, உங்க போட்டோவ நாந்தான் கடையில குடுத்தேன்!" கலையரசனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இலக்கியா பேனரின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பேனர் பெரிசு, மரச்சட்டம் சின்னது. கட்டினவர்கள் மிச்சத்தைப் பின்னால் மடித்து ஆணியடித்திருந்தார்கள். பின்பக்கம் போனால், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கொளஞ்சியப்பன் சிரிக்கிறார்.

"ஓரத்துலயாடா போட்ட என்ன?"

"புள்ளைங்க நடுவுல, பெரிய தலைங்க ஓரத்துல. அதான் மாமா மரியாத!"

அன்றைக்குப் பந்தியை விட்டு அவரை எழுப்ப ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

இலக்கியா பாதிக் கட்டுரையை அழித்தாள். அந்த அதிகாரியின் துறைச் செய்திகளைத் தேடிப் படித்தாள். அங்கே அவர் பெயரும் பதவியும் அப்படியே இருந்தன. 'இந்த ஒரு படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது' என்று எழுதி அனுப்பினாள். பேராசிரியைக்கு முகம் சுண்டிவிட்டது. போட்டியாளரின் கட்டுரையோ ஜோராக வெளிவந்தது. வேலை கைவிட்டுப் போனது என்றுதான் அவளே நினைத்தாள்.

நேர்காணலுக்குச் சில நாள் முன்பு, கொஞ்சம் இளைத்த உடம்போடு அந்த அதிகாரி தொலைக்காட்சியில் வந்து விருந்தாளிக்குக் கை கொடுத்தார். அறுவை சிகிச்சையாம்.

"எல்லோரும் துணிந்து எழுதியபோது நீங்கள் ஏன் தயங்கினீர்கள்?" என்று கேட்டது தேர்வுக் குழு. அப்பாவின் தலை மடிப்புக்குள் போன கதையை அப்படியே சொன்னாள். அறையே சிரித்தது என்கிறாள் அவள். மேசை நாற்காலியும் சேர்ந்து சிரித்தன என்கிறேன் நான். பிறகு ஒரு படத்தில் தற்செயலாக விட்டுப்போனது எது, வேண்டுமென்றே மறைத்தது எது என்று பிரித்தறிகிற வழியை விடாமல் கேட்டார்கள். இவளும் விடாமல் சொன்னாள். வேலை அவளுக்கே கிடைத்தது.

இப்போது மணலூர்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு பேனர் நிற்கிறது. சீனப் பெருஞ்சுவருக்கு முன்னால், நடுவில், இலக்கியா. ஓரத்தில் கூலிங் கிளாஸோடு கொளஞ்சியப்பன். கட்டி முடித்ததும் டெல்லிக்கு போன் போட்டார்.

"சட்டத்த நானே அளந்து அடிச்சேன்மா. சுத்தித் தடவிப் பாத்துட்டேன், எங்கயும் மடிப்பு இல்ல!"