பெட்டிக்கு முன்னால் வந்த மல்லிகை

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையோரப் பூக்கடையில் நிற்கிறேன். இன்று மாலை நடக்கும் கல்யாண வரவேற்புக்கு என்னிடம் இருப்பது விமானத்தில் கசங்கிய இந்தச் சட்டை மட்டும்தான். பட்டுவேட்டி இருக்கும் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை.

கடைக்கார அக்கா ஈரத்துணியை விலக்கி மல்லிகையைக் காட்டுகிறார். ஒரு மொட்டுகூட விரியவில்லை.

"காலையில மதுரை பிளைட்ல வந்தது, சார்."

"நானும் அதே பிளைட்தான் அக்கா. என் பெட்டியை விட்டுட்டாங்க, பூவை மட்டும் மறக்கலையே!"

"பூ லேட்டானா மதுரையிலேருந்து இங்க வரைக்கும் போன் போட்டுக் கத்த ஆள் இருக்கு. உங்க பெட்டிக்கு யாரு இருக்கா?"

கத்துவதற்கு நான் இருக்கிறேன் என்கிறேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"பத்தாது லா. அடுத்த வாட்டி பெட்டியில ரெண்டு முழம் பூவைச் சுத்தி அனுப்புங்க."