சூரியனில் இருந்த கறை

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் லுக்குட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டுபவர். நான் மேட்டு பங்களாவில் ஆயா. வெள்ளைக்காரத் துரை உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிய பிறகு, ஒரு ஜப்பான் அதிகாரி அங்கே வந்து உட்கார்ந்துகொண்டான்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்த நேரம் அது. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து இரண்டு லாரி நிறைய ஆட்கள் போனார்கள். ஒருவரிடமிருந்தும் ஒரு சேதி இல்லை. அடுத்த லாரிக்குப் பெயர் எழுதுபவன் இந்த அதிகாரிதான். பங்களா ஆயாவின் புருஷன் என்பதால்தான் என் வீட்டுக்காரர் அதுவரை தப்பியிருந்தார். அதனால் அவன் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலை.

ஒரு நாள் சாமான் அறையில் துரையின் தொலைநோக்கி அவன் கண்ணில் பட்டுவிட்டது. மேட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். கப்பல்களை வேவு பார்க்கத்தான் ஒளித்து வைத்தீர்களா என்று அரைகுறை மலாயில் கத்தினான். அந்த அறைச் சாவி தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் இருந்தது. அவர் பயந்துபோய், இது சூரியனைப் பார்க்கிற குழாய், வேண்டுமானால் ஆயா காட்டுவாள் என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன், என்னையும் சேர்த்து மாட்டிவிட்டாரே என்று மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. துரை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குழாயை முற்றத்தில் வைப்பார். குழாய் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் அவிந்துவிடும். அதனால் பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, அதில் விழும் வெளிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். அட்டை பிடிப்பது என் வேலை. பார்த்துப் பார்த்து மற்றதும் எனக்குப் பழகியிருந்தது.

குழாயை அதன் முக்காலியில் பொருத்தி முற்றத்தில் நிறுத்தினேன். குழாயின் நிழல் தரையில் சிறுத்துச் சிறுத்து உருண்டையாகும் வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். அப்போதுதான் அது நேராகச் சூரியனைப் பார்க்கிறது என்று அர்த்தம். அவசரத்தில் நான் திருப்பத் திருப்ப நிழல் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதிகாரி எனக்குப் பின்னால் நின்றான். அவன் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவழியாக அட்டையில் வெளிச்சம் விழுந்தது, ஆனால் ஓரமெல்லாம் கலங்கியிருந்தது. பின்பக்கத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். சட்டென்று ஓரம் தெளிந்து, உள்ளங்கை அளவுக்குச் சூரியன் வெள்ளையாக வந்து உட்கார்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். சூரியனின் நடுவில் மிளகு அளவுக்கு இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

அது என்ன என்று எனக்குத் தெரியும். சூரியனிலேயே அப்படிக் கறை வருவதுண்டு என்று துரை சொன்னதை, கிராணிதான் எனக்குத் தமிழில் எடுத்துச் சொல்லியிருந்தார். ஆனால் தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது ஜப்பான்காரனின் சூரியக் கொடிக்கு நாங்கள் குனிந்து கும்பிட வேண்டியிருந்த காலம். சரியாகக் குனியவில்லை என்று அடி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சூரியனில் கறை என்று எந்த வாயால் சொல்வது?

அதிகாரி புள்ளியில் விரலை வைத்து என்னவென்று கேட்டான். பங்களாவில் எங்கே ஒரு புள்ளி தெரிந்தாலும் அது அழுக்கு, அது ஆயாவின் பாடு. அந்தப் பழக்கத்தில், "கொத்தோர், துவான். காச்சா கொத்தோர்" என்று மலாயில் உளறிவிட்டேன். குழாய்க் கண்ணாடியில் அழுக்கு என்றுதான் சொன்னேன். அது யார் தலையில் விழும் என்று யோசிக்கவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. படிக்கட்டருகே நின்றிருந்த, சாவி வைத்திருந்தவரைப் பார்த்தான். கிராணி வாயைத் திறந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு திறந்த வாயை மூடிக்கொண்டு, தலை குனிந்தார். அறை விழுந்த வேகத்தில் அவர் மூக்குக்கண்ணாடி படிக்கட்டில் போய் விழுந்தது. அதே இடத்தில் இன்னும் இரண்டு அறை. அதிகாரி குழாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நான் அழுதுகொண்டே மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். கிராணியின் காதோரம் ரத்தம் கசிந்தது.

"அழாதம்மா. உண்மையச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னா நீ பொய் சொன்னது தெரிஞ்சி போயிடும்லா. உன் புருஷன் லாரில ஏறிடுவான். முழுங்கிட்டேன்."

என் வீட்டுக்காரர் பெயர் எழுதப்படவில்லை. கிராணிக்கு அந்தக் காது கடைசிவரை கேட்கவில்லை.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, சிரம்பான் பாசாரில் அவரைப் பார்த்தேன். சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அன்னைக்கு உங்கமேல பழி விழ வச்சிட்டேங்கய்யா, மன்னிச்சிக்குங்க" என்றேன். அவர் தலையைத் திருப்பி நல்ல காதைக் காட்டி, "என்னம்மா சொன்ன?" என்றார்.

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டேங்கய்யா."

என் வீட்டுக்காரர் பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அந்த அதிகாரியிடம் எனக்கிருந்த பயத்தை யாரும் மன்னிப்பார்கள். ஆனால் பயப்பட எதுவுமே இல்லாத பாசாரில், ஒரு நல்ல மனுஷனிடம் இரண்டாம் முறை மன்னிப்புக் கேட்காமல் வந்தேனே, அதை இன்றுவரை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.