மச்சான் போட்ட ஓட்டை

என் மச்சான் ராயப்பன் திண்டிவனத்தில் பூட்டு, தாழ்ப்பாள் மாட்டுகிறவர். 'தெரியாது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கூட்டேரிப்பட்டில் நாங்கள் வீடு கட்டியபோது, தங்கைக்கு அண்ணன் சீராக ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று உள்ளுக்குள் மருகிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை வாங்கி, தன் கையாலேயே வாசல் கதவில் மாட்டித் தருவதாக என் மனைவி ஜெயத்திடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மார்கழிக் காலை. பத்து மணிக்கு ஃபாதர் வந்து வீட்டை மந்திரிக்க வேண்டும். கரண்டு இணைப்பு இன்னும் வரவில்லை. மச்சானுக்கு அதில் சந்தோஷம்தான். காயலான் கடையில் எடுத்த, நூறு வயசு என்று அவரே சத்தியம் செய்யும் கை டிரில்லைப் பையிலிருந்து உருவினார். பாடம் நடத்தாமல் அவருக்கு வேலை ஓடாது. டிரில்லின் முனையில் இருக்கும் சக்குக்குள் மூன்று தாடைகளாம். மூடியைத் திருகினால் கூம்பான வாய்க்குள் தள்ளப்பட்டு மூன்றும் ஒன்றாய் நெருங்கி, துளை போடும் பிட்டை நட்டநடுவில் கவ்வுமாம். தளர்த்தினால் இடையில் இருக்கும் குட்டி ஸ்பிரிங்குகள் அவற்றை விலக்கிவிடுமாம். ஃபாதர் பிரசங்கம்கூட இவ்வளவு நீளாது.

அன்றைக்கு ஒரு தாடை விலகவில்லை. அதைக் கவனிக்காமல், விலகிய இரண்டுக்கும் நடுவே பிட்டைச் செருகி இறுக்கிவிட்டார். சுற்றியதும் பிட் குடிகாரன் மாதிரி ஆடியது. தேக்குக் கதவில் ஓட்டை கோணலாக இறங்கியது. மரம் சரியில்லை என்றார். பிட் சரியில்லை என்றார். பிறகு டிரில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? ஆசாரியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவர் மனைவி அன்புச்செல்வி டிரில்லை வாங்கி மோந்து பார்த்தார்.

"இதுக்குப் போயி தேங்கா எண்ணெயா ஊத்துனீங்க?"

"நல்லா சுத்தட்டுமேன்னு நேத்து ஊத்திக்கினு வந்தேன்."

அந்தக் குளிரில் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயே பாட்டிலில் உறைந்து கிடந்தது. சக்குக்குள் போனது மட்டும் உறையாமல் இருக்குமா? பழைய மரத்தூளோடு சேர்ந்து இறுகி ஒரு தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் கொஞ்சம் மொண்டு அன்புச்செல்வி சக்கின் வாயில் ஊற்றினார். எண்ணெய் உருகி வழிந்தது. தாடை தானாக விலகியது.

அடுத்த நான்கு ஓட்டைகளும் நேராக இறங்கின. தாழ்ப்பாளும் கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத்தில் அந்தக் கோணல் ஓட்டை மட்டும் பல்லைக் காட்டியது. மரத்தூளைப் பசையில் குழைத்து அதை அடைக்கப்போன மச்சானின் கையை ஜெயம் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் விடுண்ணே. மத்ததெல்லாம் கூலிக்கு வந்தவங்க செஞ்சது. இதப் பாத்தாதான் எங்க அண்ணன் செஞ்சதுன்னு தெரியும்."

மச்சான் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பத்து மணிக்கு வந்த ஃபாதர், கதவைத் தொட்டு, இது என்ன ஓட்டை என்று கேட்டார். ஜெயம் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க மச்சான் போட்டது, ஃபாதர்."

கேலிக்குச் சொல்லவில்லை.